குழுவை நன்றாக வழிநடத்தும் திறனை வளர்த்துக்கொள்வது எப்படி?

அண்மையில் ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராகப் பொறுப்பேற்றிருப்பதாகவும், வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த உங்களுக்கு ஆட்களை வழிநடத்துவது மட்டும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே இடத்தில் நின்று தவித்தவன் என்பதால், அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

பேச்சாற்றல், துணிச்சல், தொலைநோக்கு என்று தலைமைப் பண்புகளைப் பலரும் அடுக்குவார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால், கெட்ட செய்தி தாமதமின்றி நம்மிடம் வந்து சேரும்படி நடந்துகொள்ளும் திறன் என்பதே என் பதில்.

நான் பொறுப்பேற்ற நான்காம் மாதத்தில், வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய மென்பொருள் ஒன்று கடைசி நேரத்தில் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது தேதிகள் பிசகுகின்றன என்பது குழுவிலேயே இளையவருக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சொல்ல வந்தேன் சார். நீங்கள் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே, அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள்" என்றார். அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது என் ஒருவனின் குறையாக மட்டும் இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கிடையே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் உயிரிழந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் என்ற டச்சு நிறுவன விமானத்தில், விமானிகளுடன் அமர்ந்திருந்த பொறியாளர், எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்கத்தான் செய்தார். அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளருமான தலைமை விமானி, விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லவே, பொறியாளர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளில் மனிதத் தவறுகளின் பங்கை ஆராய 1979இல் நாசா ஒரு பயிலரங்கை நடத்தியது. துணை விமானி தயங்காமல் மறுத்துப் பேசவும், தலைமை விமானி அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் பழக்கும் பயிற்சி அங்கிருந்துதான் வளர்ந்தது. கேட்பது பிறவிக் குணம் என்றிருந்தால் விமானிகளுக்கு அதை வகுப்பு வைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை. அது பழகப் பழக வருவது என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது இந்த வரலாறே.

பழகுவது எப்படி என்பதற்கு வருகிறேன். "சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கூட்டத்தில் கேட்பதை விட்டுவிடுங்கள், எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். "இந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம், எந்த இடத்தில் தோற்றிருக்கும்?" என்று கேளுங்கள். குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று ஒதுங்கி நிற்பவருக்கும் இந்தக் கேள்வி பேச அனுமதி தருகிறது. உங்கள் கருத்தைக் கடைசியில் வையுங்கள். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். யாராவது தவறைச் சொல்ல வந்தால், அந்த முதல் அரை நிமிடத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் குழு முழுவதும் கவனிக்கிறது. கையிலிருப்பதை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, சொன்னதற்கு நன்றி கூறிய பிறகே காரணத்தைக் கேளுங்கள். யார் செய்தது என்ற கேள்வியை அந்த நேரத்தில் கேட்கவே கேட்காதீர்கள்.

இப்படி நடக்கத் தொடங்கினால் பிழைகள் கூடிவிட்டதுபோல் தோன்றும், கலங்க வேண்டாம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அவற்றில்தான் பிழைகள் கூடுதலாக இருந்தன. அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசியதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார்.

வேலையைப் பகிர்ந்தளிப்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் வேலையில் கெட்டிக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எது முடிய வேண்டும், எப்போது முடிய வேண்டும், எதுவரை அவரே முடிவெடுக்கலாம் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லி ஒப்படைத்த பிறகு, நம்மைவிட மெதுவாகச் செய்கிறாரே என்று பிடுங்கிக்கொள்ளக் கூடாது. எனக்கு இது மிகவும் கடினமாக இருந்தது. ஒப்படைத்த வேலையில் தலையிடத் தோன்றும்போதெல்லாம் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்; மாத முடிவில் படித்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை என் பதற்றமேயன்றி வேலையின் தேவை அல்ல என்பது புரிந்தது.

பலன் உடனே தெரியாது. என் குழுவில், அந்தத் "தோற்றிருந்தால்" கேள்விக்கு முதல் நான்கு வாரங்கள் மௌனமே பதிலாக வந்தது. ஐந்தாம் வாரம், முன்பு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே இளைஞர் கையை உயர்த்தி, நான் போட்டிருந்த கால அட்டவணை நடைமுறைக்கு ஒத்துவராது என்றார். கூட்டத்தை நிறுத்தி, அவரையே பலகைக்கு அழைத்து அட்டவணையைத் திருத்தச் சொன்னேன்.