கொலோன் மாதிரி மிதமான ஊரில் காருக்கு எந்த வின்டர் டயர் வாங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஜெர்மனியில் கொலோனில் இருக்கிறீர்கள். பழைய போலோ கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அதில் சம்மர் டயர் மட்டும் இருக்கிறது. ஊரில் பனி தரையில் தங்குவது வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்தான். சுவீடனில் இருந்து மாற்றலாகி வந்த அலுவலக நண்பர், அங்கே ஓட்டிய வின்டர் டயர் நாலையும் ரிம்மோடு பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். அளவும் பொருந்துகிறது. சட்டம் என்ன சொல்கிறது, அந்த டயரை வாங்கலாமா?

வேண்டாம். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நண்பர் மேல் எந்தக் குறையும் இல்லை, டயரும் நல்ல டயராகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு ஊருக்குச் செய்த டயர்.

காரணத்தைச் சொல்வதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். 2019 அக்டோபரில் நான் இங்கே முதல் கார் வாங்கினேன். விளம்பரத்தில் 'அக்ட்ஃபாக் பெரைஃப்ட்' என்று போட்டிருந்தது. எட்டு டயர் உண்டு என்று அர்த்தம்: சம்மருக்கு நாலு, வின்டருக்கு நாலு. சென்னையில் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர் பார்த்தே பழகியவனுக்கு இது பெரிய லாபமாகப் பட்டது. வின்டர் டயரைக் குனிந்து பார்த்தேன், பட்டன் ஆழமாக இருந்தது, திருப்தி. வேறு எதையும் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. பனி இல்லை, உறைபனியும் இல்லை. நாலு டிகிரி, நசநசவென்று தூறல், அவ்வளவுதான். நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன், சிக்னல் சிவப்பானது, பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு, டுர்ரென்று அதிர்ந்தது, வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பாதி வண்டி ஜீப்ரா கோட்டுக்கு மேல் போய் நின்றது. தள்ளுவண்டிப் பையோடு ரோட்டைக் கடக்க நின்ற பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் டயரின் பக்கவாட்டில் டிஓடி எண்ணைத் தேடிப் பார்த்தேன். கடைசி நாலு இலக்கம் 2809. அதாவது 2009-ஆம் வருடத்தின் 28-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருஷ ரப்பர். நகத்தால் அழுத்தினால் செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது, கொலோனில் வின்டர் டயரின் வேலை பெரும்பாலும் பனியில் இல்லை. ரைன் ஆற்றங்கரைக் குளிர்காலம் என்பது நவம்பர் முதல் மார்ச் வரை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் ஓடும் ஈரமான தார் ரோடு. நூறு நாள் ஓட்டினால் தொண்ணூற்றுக்கும் மேல் இப்படித்தான். மிச்ச நாளில்தான் பாலத்து மேல் காலையில் உறைந்த ஈரம், எப்போதாவது ஒரு பனி. டயரை எந்த நாளுக்காக வாங்குகிறோம் என்பதுதான் விஷயம்.

ரப்பர் கதை நமக்குப் புரியாதது இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, வெயிலில் வைத்தால் இளகிவிடும். சம்மர் டயரின் ரப்பரும் குளிரக் குளிர இறுகும். எண்ணெய் மாதிரி ஒரேயடியாக உறையாது, படிப்படியாக விறைத்து ரோட்டைப் பிடிக்காமல் போகும். வின்டர் டயரில் கலவையே வேறு, குளிரிலும் இளக்கமாக இருக்கும். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் மாற்று என்று எல்லோரும் சொல்வது ஒரு குத்துமதிப்புக் கணக்கு. ஏழுக்கு மேல் நல்லவன், ஆறில் கெட்டவன் என்று எந்த டயரும் மாறிவிடாது.

பனி மேல் பிடிப்பது இன்னொரு சங்கதி. வின்டர் டயரின் பட்டன் கட்டைகளில் பிளேடால் கீறியது மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். இங்கே அதை 'லாமெல்லன்' என்பார்கள். உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்விக்கொள்ளும். பள்ளங்களிலும் பனி அடைத்துக்கொள்ளும். அடைப்பது நல்லதுதான், ஏனென்றால் ரப்பர் பனியைப் பிடிப்பதைவிடப் பனி பனியை நன்றாகப் பிடிக்கும். சின்ன வயதில் நாம் பனி உருண்டை பிடித்திருந்தால் இது தானாகத் தெரிந்திருக்கும், நமக்கு எங்கே.

இப்போது நண்பரின் டயருக்கு வருவோம். வின்டர் டயரில் இரண்டு குடும்பம் இருக்கிறது. ஒன்று நோர்டிக், அதாவது வட ஐரோப்பிய வகை. பின்லாந்தின் நோக்கியன் 1934-லேயே லாரிக்குப் பனி டயர் போட்ட கம்பெனி, காருக்கு 1936-இல் ஹக்கபெலீட்டா என்று வந்தது. அந்தப் பரம்பரை டயர்கள் மைனஸ் இருபதுக்கும், மாதக்கணக்கில் இறுகிக்கிடக்கும் பனிக்கும் பனிக்கட்டிக்கும் செய்தவை. ரப்பர் ரொம்ப இளக்கம், வெட்டுகள் ரொம்ப அதிகம். அதையே ஆறு டிகிரி ஈரத் தாரில் ஓட்டினால் பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரி நெளியும். ஈரத்தில் பிரேக் தூரம் நீளும், ஆட்டோபான் என்ற விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி மிதக்கிற உணர்வு வரும், சீக்கிரம் தேயவும் செய்யும். ஆணி பதித்த வகையாக இருந்தால் பேச்சே இல்லை, ஜெர்மனியில் ஆணி டயருக்கு 1975-இலேயே தடை வந்துவிட்டது.

இன்னொரு குடும்பம் மத்திய ஐரோப்பிய வகை. ஆல்ப்ஸில் பனியும் பார்க்க வேண்டும், கொலோன் மழையிலும் நிற்க வேண்டும், ஆட்டோபானில் 160-இல் போனாலும் ஆடக் கூடாது என்று சமரசம் செய்து செய்வது. இங்கே கடைகளில் வின்டர் டயர் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். உங்களுக்கு வின்டர் டயர்தான் வேண்டும் என்றால் இந்த வகை.

கடையில் நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரோப்பிய டயர் லேபிளைப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் புது வடிவம் வந்திருக்கிறது. அதில் மழை மேகப் படத்துக்குக் கீழே ஏ முதல் ஈ வரை ஒரு எழுத்து இருக்கும், ஈரப் பிடிப்புக்கு. எனக்கு முதலில் அந்த எழுத்துதான் முக்கியம். வின்டர் டயரில் பி கிடைத்தால் சந்தோஷம், சி பரவாயில்லை, அதற்குக் கீழே நான் வாங்க மாட்டேன். லேபிளில் பனிக்கட்டிப் பிடிப்புக்கு என்று தனியாக ஒரு சின்னமும் வரும், அது பொதுவாக நோர்டிக் டயர்களில்தான் இருக்கும். பார்த்ததும் கூடுதல் சிறப்பு என்று தோன்றும். கொலோனில் வசிப்பவருக்கு அது 'என்னை வாங்காதே' என்ற அறிவிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வின்டர் டயர் கட்டாயம் என்று இல்லை. 'ஓ பிஸ் ஓ', அதாவது அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்று ஊரார் சொல்வது ஞாபகத்துக்கான சொலவடை, சட்டம் இல்லை. ரோட்டில் பனி, சகதிப் பனி, பனிக்கட்டி, உறைந்த ஈரம் இருந்தால் அதற்குரிய டயரோடுதான் ஓட்ட வேண்டும், அவ்வளவே. நிறுத்தி வைத்திருந்தால் குற்றமில்லை. சம்மர் டயரோடு ஓட்டி மாட்டினால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர் கணக்கில் தண்டனைப் புள்ளியாக ஒரு பாயின்ட். நடு ரோட்டில் மாட்டிக்கொண்டு மற்றவர்களை மறித்தால் 80. வண்டிக்காரர் வேறொருவர் என்றால், ஓட்ட விட்டதற்காக அவருக்கும் 75 யூரோ, ஒரு பாயின்ட். அதனால் நண்பர் கார் இரவல் கேட்கும்போது யோசியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய டயர்களில் 'எம் பிளஸ் எஸ்' என்று எழுதியிருக்கும். சேறும் பனியும் என்று அர்த்தம். அந்த எழுத்தைப் போட எந்தப் பரீட்சையும் தேவையில்லை, கம்பெனி நினைத்தால் போட்டுக்கொள்ளலாம். மூன்று முகடுள்ள மலையும் நடுவில் பனித்துளிப் பூவும் இருக்கும் ஆல்பைன் குறி அப்படி இல்லை, பனியில் ஓட்டிக் காட்டித் தேறியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ஜெர்மனியில் ஆல்பைன் குறி இருந்தால்தான் குளிர்கால டயர். பழைய டயர் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, வின்டர் டயரா, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டும் ஆல் சீசனா? உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் என் பதில் ஆல் சீசன். சின்ன வண்டி, வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர், பெரும்பாலும் ஊருக்குள். ஆல்பைன் குறியுள்ள ஆல் சீசன் டயர் நல்ல பிராண்டில் வாங்கினால் போதும். வருடத்துக்கு இரண்டு முறை வொர்க்‌ஷாப்பில் நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். கழற்றிய டயரை வைக்க அபார்ட்மென்ட் நிலவறையில் இடமும் தேட வேண்டாம். இங்கே டயருக்கென்றே ஹோட்டல் உண்டு, தெரியுமா? பெயரே 'ரைஃபன்ஹோட்டல்'. நான் சீசனுக்கு ஐம்பது யூரோ வாடகை கட்டுகிறேன், மாற்றுவதற்கு நாற்பது தனி. என் டயர்கள் வருடத்தில் பாதி நாள் ஹோட்டலில் தங்குகின்றன, நான் யூத் ஹாஸ்டலில் தங்குகிறேன்.

ஆல் சீசனுக்கும் பலவீனம் உண்டு, மறைக்க மாட்டேன். மிதமான ஊர் என்றால் வெயில் இல்லை என்று அர்த்தமில்லை. 2019 ஜூலையில் இங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி துய்ஸ்பூர்க் பக்கம் 41.2 டிகிரி அடித்தது. அந்தச் சூட்டுத் தாரில் இளக்கமான ரப்பர் சம்மர் டயர் அளவுக்கு நிற்காது. கோடையில் ஆட்டோபானில் நீளமாக, வேகமாகப் போகிறவர், வருடத்துக்கு இருபதாயிரம் ஓட்டுகிறவர், பிப்ரவரியில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் போகிறவர், இவர்களுக்கு இரண்டு செட்தான் சரி. என் வண்டிக்கு இரண்டு செட், மனைவியின் சின்ன வண்டிக்கு 2022 முதல் ஆல் சீசன். அவர் வண்டியில் இதுவரை ஒரு நாளும் தடுமாற்றம் இல்லை. ஆஸ்திரியா போவதாக இருந்தால் மட்டும் ஒன்று கவனியுங்கள், அங்கே நாலு மில்லிமீட்டருக்குக் குறைந்த பட்டன் உள்ளதை வின்டர் டயராகவே எண்ண மாட்டார்கள். ஜெர்மனியில் சட்டப்படி 1.6 போதும், ஆனால் பனிக்கு அது போதாது. இரண்டு யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் சொருகுங்கள், வெள்ளி விளிம்பு முழுதும் மறைந்தால் கிட்டத்தட்ட நாலு இருக்கிறது.

ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுவேன் என்று சொல்கிறவர்கள் மறக்கும் ஒரு விஷயம் மேடு. கொலோன் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கிறது. தைப்பொங்கலை ஒட்டி ஹம் ஊரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஏ1 ஆட்டோபானில் கிளம்புங்கள். இங்கே தூறல், வெர்மெல்ஸ்கிர்ஷன் தாண்டும்போது மழையில் வெள்ளை கலக்கும், ரெம்ஷைட் மேட்டில் உண்மையான பனி, ஹம் போய் இறங்கினால் திரும்பவும் வெறும் ஈரம். ஒரே பயணத்தில் மூன்று பருவம். கும்மர்ஸ்பாக் பக்கம் ஏ4-இல் போனாலும் இதே கதை. ஆகவே இரண்டு நாள் பனிக்கு எதற்கு என்று சம்மர் டயரோடு காலம் தள்ளுவது இந்த ஊருக்கு ஒத்துவராது. அன்று ட்ராமில் போவேன் என்று நினைத்தாலும் திரும்பி வரும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கும்போது அளவு. வண்டியின் சிஓசி பேப்பரில், அதாவது கம்பெனி தரும் இணக்கச் சான்றில், எந்தெந்த அளவு போடலாம் என்று இருக்கும். அனுமதித்ததில் குறுகலானதைத் தேர்ந்தெடுங்கள், 185/60 ஆர்15 மாதிரி. விலையும் குறைவு, சகதிப் பனியைக் கிழித்துக்கொண்டு போவதற்கும் நல்லது. பாரம் தாங்கும் எண் பேப்பரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. டயர் தாங்கும் அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்து மட்டும் வின்டருக்குக் குறையலாம், அப்போது அந்த வேகத்தைக் காட்டும் ஸ்டிக்கரைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். புது டயரானாலும் டிஓடி பார்த்து வாங்குங்கள், இரண்டு வருஷத்துக்குள் செய்தது என்றால் கவலை இல்லை. நாலும் ஒரே மாதிரி. முன்னால் மட்டும் இரண்டு போட்டு மிச்சப்படுத்துகிறேன் என்று ஒரு நண்பர் செய்தார், வளைவில் பின்பக்கம் அவரை முந்திக்கொண்டு வந்தது.

காற்றழுத்தம் பத்து டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.1 பார் இறங்கும், அதனால் நவம்பரில் ஒருமுறை பாருங்கள். கடையில் செப்டம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் கொலோன் முழுக்க அங்கேதான் நிற்கும். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் வீல் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும். ரசீதிலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. நானும் ஒரு வருஷம் படிக்காமல் விட்டு, ஏ3-இல் இடது பக்கம் டக் டக் என்று சத்தம் வந்த பிறகுதான் படித்தேன்.