பேபி கேரியரை வீட்டிலேயே தைக்க முடியுமா? பழைய சேலை போதுமா?

தாராளமாகத் தைக்கலாம். நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும், ஜாக்கெட் தைப்பதைவிட எளிது. ஆனால் கடையில் விற்கும் பக்கிள் வைத்த மாடலைப் பார்த்து அதையே தைக்க இறங்காதீர்கள். ஸ்கூல் பைக்குப் போடும் பக்கிளை நம்பிப் பிள்ளையைத் தூக்க முடியாது. நான் சொல்வது கட்டிக்கொள்ளும் வகை. தென் சீனாவில் காலங்காலமாகப் புழங்கும் மேய் தாய் இந்த வகைதான். நடுவில் ஒரு துணி, இடுப்பில் கட்ட ஒரு பட்டை, தோளுக்கு இரண்டு நீளப் பட்டை, அவ்வளவுதான்.

பழைய சேலையை அழகுக்கு மேல்துணியாக வைக்கலாம், எடையை அதன் மேல் ஏற்றக் கூடாது. துவைத்துத் துவைத்து நைந்த சேலை எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எடை தாங்கக் கெட்டியான காடாத் துணி நல்லது. சென்னிமலை பெட்ஷீட் போல நெருக்கி நெய்த கைத்தறியும் சரி. பனியன் துணி இழுபடும், வேண்டாம். பவானி ஜமக்காளம் உறுதிதான், ஆனால் நாலு மடிப்பில் வீட்டு மெஷினின் ஊசி இறங்காது. எதுவாக இருந்தாலும் வெட்டும் முன் ஒரு தடவை நனைத்துக் காயப் போடுங்கள், காடா நன்றாகவே சுருங்கும்.

120 செ.மீ. அகலத் துணி என்றால் இரண்டரை மீட்டர் போதும். பட்டைகளைப் பாவு ஓடும் நீளவாக்கில் 24 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்துத் தைத்துப் புரட்டுங்கள். தோள்பட்டை ஒவ்வொன்றும் 2 மீட்டர், இடுப்புப் பட்டை 220 செ.மீ. அரை வருஷக் குழந்தைக்கு நடுத்துணி ஏறக்குறைய 36 செ.மீ. அகலம், 44 செ.மீ. உயரம் வரும். இருந்தாலும் உங்கள் பிள்ளையைக் கால் விரித்து மடியில் உட்காரவைத்து, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அகலம் குறைந்தால் கால் தொங்கும், அது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. முழங்கால் புட்டத்தைவிடச் சற்று உயரத்தில் நிற்க வேண்டும்.

கவனம் முழுக்கத் தேவைப்படுவது பட்டை சேரும் இடத்தில்தான். துணி கிழிவது அபூர்வம், தையல் விடுவதுதான் ஆபத்து. தோள்பட்டையை ஓரத்தோடு வைத்து அடித்துவிடாமல், நடுத்துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவே 10 செ.மீ. உள்ளே செருகி, கட்டம் போட்டு அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போலத் தைக்க வேண்டும். அதன் மேலேயே இன்னொரு சுற்று. இடுப்புப் பட்டையை இரண்டு துண்டாக ஒட்டவே வேண்டாம், நடுத்துணியின் அடியில் ஒரே பட்டையாக ஓடட்டும். நூல் பாலியஸ்டர், ஊசி 16 நம்பர். தையலை ரொம்பப் பொடியாக வைத்தால் உறுதி கூடும் என்று நினைப்பார்கள். உண்மையில் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். நூல் துணிக்கு மேட்சாக இல்லாமல் பளிச்சென்று தெரியும் நிறத்தில் இருக்கட்டும். ஒரு தையல் விட்டாலும் கண்ணில் படும்.

ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்லி வீடியோக்களில் காட்டுவார்கள். நம் வெயிலுக்கு அது தண்டனை. தோளில் மட்டும் பழைய துண்டை மடித்து வைத்தால் போதும்.

தைத்ததும் 10 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். (வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) பிறகு ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை.

கழுத்து நிற்காத பிள்ளைக்கு இது வேண்டாம். தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் சத்தமே இல்லாமல் மூச்சு அடைபடும். துணி ஸ்லிங்குகளில் (தூளி போலத் தோளில் மாட்டிக்கொள்வது) 4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இருப்பதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் எச்சரித்தது. வளர்ந்த குழந்தை என்றாலும் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறுவதோ அடுப்படியில் நிற்பதோ கூடவே கூடாது.

கட்டும்போது முதலில் இடுப்புப் பட்டை. பிறகு பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, தோள்பட்டைகளை முதுகில் குறுக்கே மாற்றி, முன்னால் கொண்டுவந்து குழந்தையின் தொடைக்கு அடியில் செலுத்திப் பின்னால் இரட்டை முடிச்சு. கை பழகும்வரை கட்டில் ஓரமாக நின்று கட்டுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.