ஸ்பானிஷில் ‘யா’ என்றால் உண்மையில் என்ன அர்த்தம்?

அகராதியில் ‘ஏற்கெனவே’ என்று போட்டிருக்கிறது, ஆனால் என் மெக்சிகோ நண்பர் எதற்கெடுத்தாலும் ‘யா’ சொல்கிறார், பாதி இடங்களில் அது பொருந்தவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்சிகோவின் குவாதலஹாரா நகருக்கு வேலைக்குப் போன முதல் ஆறு மாதம் எனக்கும் இதே தலைவலிதான்.

‘யா’வுக்கு இணையாகத் தமிழில் ஒரு தனிச்சொல்லைத் தேடாதீர்கள், நம் வினைமுற்றில் தேடுங்கள். ‘கோமி’ என்றால் சாப்பிட்டேன். ‘யா கோமி’ என்றால் சாப்பிட்டாச்சு. இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழ் பேசுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதேபோல ‘நோ யுவேவே’ என்றால் மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். ‘யா நோ யுவேவே’ என்றால் மழை விட்டுடுச்சு, அதாவது இதுவரை பெய்துகொண்டிருந்தது, இப்போது இல்லை. முன்பு ஒரு நிலை, இப்போது வேறு நிலை, அந்தத் திருப்பத்தைத்தான் ‘யா’ தொட்டுக் காட்டுகிறது. ஏற்கெனவே, இப்போது, இனிமேல் என்று அகராதி பிரித்துப் போடுவதெல்லாம் அந்தத் திருப்பத்துக்கு எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எதிர்காலத்தோடு வரும்போதுதான் நான் அதிகம் ஏமாந்தேன். வாடகை வீட்டில் கூரை ஒழுகியது. வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னால் ‘யா வெரேமோஸ்’ என்பார், நானும் உடனே பார்க்கப் போகிறார் என்று நம்பிக்கொண்டு வந்துவிடுவேன், மழைக்காலம் முடிகிற வரை வாளி வைத்ததுதான் மிச்சம். அது நம் ஊர் ‘பார்க்கலாம்’ என்று பிறகுதான் புரிந்தது! ‘யா வோய்’ என்பதும் அப்படித்தான். சாப்பிடக் கூப்பிடும் அம்மாவுக்கு உள்ளறையிலிருந்து பிள்ளை கத்துகிற ‘இதோ வந்துட்டேன்’ அது, எழுந்திருக்கக்கூட இல்லாமல் இருக்கலாம்.

‘யா லோ சே’ என்றால் ‘அதான் தெரியுமே’, கொஞ்சம் கடுப்போடு. ‘யா கே எஸ்தாஸ் அக்கீ’ என்பதை ‘நீ இங்கே இருப்பதால்’ என்று பாடப்புத்தகம் சொல்லும், எனக்கென்னவோ ‘வந்தது வந்துட்டே, இதையும் கொஞ்சம் பிடி’ என்பதுதான் சரியாகப் படுகிறது.

தனியாக வந்தால் எல்லாமே குரல்தான். கேள்வியாகக் கேட்டால் ‘முடிஞ்சுதா?’, பதிலாகச் சொன்னால் ‘ஆச்சு’, குழந்தையைப் பார்த்து அதட்டினால் ‘போதும், நிறுத்து’. பெருவிலும் சிலியிலும் அது வெறும் ‘சரி’. ஸ்பெயினில் ‘யா, யா’ என்று இழுத்தால் ‘நம்பிட்டேன், போ’. அர்ஜென்டினாவில் புவெனஸ் ஐரிஸ் பக்கம் போனால் உச்சரிப்பே ‘ஷா’ ஆகிவிடும், அதே சொல்தான், குழம்ப வேண்டாம். ஜெர்மன்காரர்கள் ஆமாம் என்பதற்குச் சொல்லும் ‘யா’வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது லத்தீனின் ‘யாம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, போர்ச்சுகீசிலும் இத்தாலியிலும் ‘ஜா’ என்று இருப்பவை இதன் உடன்பிறப்புகள்.

இந்தச் சின்னச் சொல்லின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமானால் இரண்டு முழக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1994 ஜனவரி 1 அன்று மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் கிளர்ந்தெழுந்த சபதிஸ்தாக்கள் என்ற பழங்குடிப் போராளிகளின் முழக்கம் ‘யா பாஸ்தா’, பொறுத்தது போதும் என்று பொருள். 2011 மே 15 அன்று ஸ்பெயினில் மக்களைத் தெருவுக்கு அழைத்த அமைப்பின் பெயர் ‘தெமோக்ராசியா ரெயால் யா’, உண்மையான ஜனநாயகம் இப்போதே வேண்டும் என்று. ஒன்றில் ‘யா’ இத்தோடு நிறுத்தச் சொல்கிறது, இன்னொன்றில் இந்தக் கணமே தொடங்கச் சொல்கிறது.

உங்கள் நண்பர் அடுத்த முறை ‘யா’ சொல்லும்போது மொழிபெயர்க்காமல், அதற்கு முன்னால் என்ன நிலைமை இருந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.