நாய் டாக்டரின் நோட்டு

அன்புள்ள சார்,

நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். எங்கள் தெருமுனையில் 30 வருடத்துக்கு மேலாக ஒரு கால்நடை மருத்துவர் கிளினிக் வைத்திருக்கிறார். நாங்கள் வளர்த்த மூன்று நாய்களையும் அவர்தான் பார்த்தார். இப்போது இருக்கும் மணிக்கு 12 வயது, நாட்டு நாய். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கிட்னியாக இருக்கும், ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றார். என் மருமகனோ, ‘இவருக்கு வயதாகிவிட்டது, திருச்சிக்குக் கொண்டு போவோம், அங்கே ஸ்கேன் எல்லாம் இருக்கிறது’ என்கிறார். டாக்டரும் தையோடு கிளினிக்கை மூடப் போகிறாராம். பழகிய கையை விட மனசு வரவில்லை. இது வெறும் பழக்கமா, இல்லை அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா? நீங்களும் நாய், பூனை வளர்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ரத்தம் எடுத்துவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம். வயதான நாய் தண்ணீர் அதிகம் குடிப்பதற்கு கிட்னி ஒரு காரணம், சர்க்கரை இன்னொரு காரணம். இன்னும் சிலவும் உண்டு. சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் மணி காலைத் தூக்கும்போது சுத்தமான ஒரு பழைய குழம்புக் கரண்டியை நீட்டிப் பிடித்தால் போதும். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நிறையக் குடிக்கிறானே, வீடெல்லாம் நனைக்கிறானே என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கிட்னி கெட்ட நாய்க்கு அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு டாக்டர் இருந்தார். ஸ்டீல் டேபிள் இருந்தும் பாதி நேரம் தரையில்தான் உட்கார்ந்திருப்பார். நாய் ஆட்டோவிலிருந்து இறங்கி வாசல் ஏறும் வரை வாயைத் திறக்க மாட்டார், நடையைப் பார்ப்பார். அப்புறம் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டத்தில் ஏதோ கோளாறு. இதையெல்லாம் எந்த டாக்டரும் செய்வார். அவரிடம் மட்டும் இருந்தது ஒரு நோட்டு. மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி நீளமானது. ஒரு பிராணிக்கு ஒரு பக்கம். தலைப்பில் பெயர், இன்ஷியலுக்குப் பதில் தெருவின் பெயர். ‘மேட்டுத்தெரு ராஜா’, ‘பள்ளிவாசல் பக்கம் ஜிம்மி’. கீழே தேதியும் எடையும் வரிசையாக இறங்கும்.

எங்கள் நாய்க்கு ஒன்பது வயதிருக்கும், தடுப்பூசி போடத்தான் போனோம். துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, ‘போன வருஷம் பதினெட்டு, இப்ப பதினாறரை. என்ன நடக்குது வீட்ல?’ என்றார். எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குத் தொடங்கிய சோதனையில்தான் கிட்னி சுணங்கியிருப்பது தெரிந்தது. ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவு இருக்கிறதே, அது கிட்னியின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் தெளிவாக ஏறும். இப்போது அதைவிட முன்னதாகக் காட்டும் எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனை வந்திருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிற நாய்க்கு அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே. அவருக்குத் தோன்ற வைத்தது அந்த ஒன்றரைக் கிலோ.

ஆகவே, இந்தத் தொழிலில் பழக்கத்துக்கு மருத்துவ மதிப்பு உண்டு. நோயாளி வாய் திறந்து சொல்லாது, இது எப்போதும் இப்படித்தானா, இல்லை இப்போது மாறியிருக்கிறதா என்று யாராவது சொல்ல வேண்டும்.

அவர் நாயை மட்டும் அல்ல, தெருவையும் தெரிந்து வைத்திருந்தார். பார்வோ என்கிற ரத்தக்கழிச்சல் 1978 வாக்கில்தான் உலகத்துக்கே தெரியவந்தது. உங்கள் டாக்டர் வயதுக்காரர்களுக்கு அது தங்கள் காலத்தில் வந்த புது நோய். குட்டி செத்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டி வாங்கி வருவார்கள், அதுவும் சாகும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் பவுடர்தான் ஓரளவு கேட்கும். எங்கள் டாக்டர் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களிடம், ‘ஒரு வருஷம் நாய் ஆசையை மூட்டை கட்டி வைங்க’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று பாதி பாராசிட்டமால் கொடுத்தேன். மனிதர்களுக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. சாயங்காலம் முகம் வீங்கி, ஈறு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் உதட்டைத் தூக்கினார், என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘என்ன குடுத்தீங்க?’ ‘என்ன ஆச்சு’ என்றுகூடக் கேட்கவில்லை. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை ஒரு மெடிக்கலில் சொல்லி வரவழைத்தார். மனிதர்கள் பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கினால் கொடுப்பதும் அதுதான். பூனை பிழைத்தது. நான் அதன் பிறகு என் மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.

பழையவர் எல்லாம் நல்லவர், புதிது எல்லாம் வியாபாரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை நிமித்தம் வேறொரு ஊரில் இருந்தபோது பார்த்த வயதான டாக்டர் ஒருவர், காய்ச்சல் கண்ட நாய்க்கு நான்கு நாள் ஊசி மேல் ஊசியாகப் போட்டார், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்த பிறகு வேறொரு கிளினிக்குக்கு ஓடினோம். அங்கே படித்து முடித்துச் சில வருடமே ஆன ஒரு பெண், மைக்ராஸ்கோப்பில் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உங்கள் டாக்டர் எங்கே படித்தார்? அந்த வயதென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியாக இருக்கலாம், அல்லது 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி. வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது. ஆட்டோக்காரரிடம் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றால்தான் அப்போது புரியும். மடியில் பொமரேனியனை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் பெயர் சரிதான். அந்தக் காலத்துக் கால்நடை மருத்துவத்துக்குப் பெரிய எதிரி மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவுதான் நாய்க்கு வரும் டிஸ்டெம்பர், நமக்கு வரும் தட்டம்மையும். மாட்டுக்காகப் படித்துவிட்டு, ஊரில் வந்து உட்கார்ந்ததும் நாயும் பூனையும் வரிசையில் நிற்க, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. அதனால்தான் சிலர் அபாரமாக இருக்கிறார்கள், சிலர் ஊசியோடு நின்றுவிட்டார்கள்.

உங்களுடையவர் எந்த ரகம்? ரத்தம் எடுக்கச் சொன்னாரே, அதிலேயே தெரிகிறது. ‘ஸ்கேன் எடுக்கத் திருச்சிக்குப் போகலாமா?’ என்று அவரிடமே கேளுங்கள். நல்லவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார், கடிதம் எழுதித் தருவார். மருமகன் சொல்வதிலும் தப்பில்லை, அழைத்துப் போகட்டும். கையில் வெறும் நாயோடு போக வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

எங்கள் டாக்டர் கடையை மூடியபோது நான் ஒரு பழத்தட்டு கொடுத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன். நோட்டைப் பற்றி நினைவே வரவில்லை. ஆறு மாதம் கழித்து, எங்கள் அடுத்த நாயைப் பார்த்த புது டாக்டர், ‘வழக்கமா என்ன எடை இருக்கும்?’ என்று கேட்டார். மென்று முழுங்கினேன். நோட்டைத் தேடிப் போனால், வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று என்றார்கள்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் டாக்டரிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தால், மணியின் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். ரிசல்ட் வந்ததும் ஒரு வரி போடுங்கள்.