ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. டேங்க்கில் தண்ணீரை நிரப்பி, நிறைந்ததும் அடைக்கும் ஃபில் வால்வை நாமே மாற்றலாமா, பிளம்பர் வேண்டுமா?

தாராளமாக மாற்றலாம். இந்தச் சின்ன வேலைக்குப் பிளம்பர் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். அந்த நாளை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

முதலில் கோளாறு ஃபில் வால்வில்தானா என்று பாருங்கள். டேங்க் மூடியை எடுத்தால், மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் தெரியும். தண்ணீர் அதில் வழிந்து இறங்கினால் ஃபில் வால்வு சரியாக அடைக்கவில்லை. மட்டம் அதற்குக் கீழே இருந்தும் கோப்பைக்குள் கசிகிறது என்றால், அடியில் இருக்கும் ஃப்ளஷ் வால்வின் ரப்பர் வாஷர் போய்விட்டது. புது ஃபில் வால்வு வாங்கிப் பிரயோஜனமில்லை. சந்தேகமாக இருந்தால் ஆங்கிள் காக்கை (டேங்க்குக்கு வரும் தண்ணீரை அடைக்கச் சுவரில் இருக்கும் சின்னக் குழாய்) மூடி, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். இறங்கியிருந்தால் வாஷர்தான்.

ஃபில் வால்வே என்றாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். போர் தண்ணீர் வீடுகளில் பெரும்பாலும் உப்போ மணலோதான் காரணம். ஆங்கிள் காக்கை மூடிவிட்டால், பல மாடல்களில் வால்வின் மேல்மூடியைத் திருகிக் கழற்றலாம். உள்ளே இருக்கும் ரப்பரை எடுத்துக் கழுவுங்கள். அப்புறம் வால்வின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கை ஒரு நொடி திறந்து மூடினால் அடைத்திருந்த மணல் வெளியே வந்துவிடும். டம்ளர் இல்லையென்றால் உங்களுக்குக் குளியல் நிச்சயம்.

இதற்கும் மசியவில்லையா, மாற்றிவிடுங்கள். உண்மையில் வால்வைவிட ஆங்கிள் காக்தான் தொல்லை. வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் உப்பு பிடித்து இறுகியிருக்கும். அதனோடு மல்லுக்கட்டாமல், மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் கேட் வால்வை அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஃப்ளஷ் செய்து, மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, ஆங்கிள் காக்கிலிருந்து வரும் கனெக்‌ஷன் பைப்பையும் நட்டையும் கழற்றினால் வால்வு கையோடு வந்துவிடும்.

பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டே ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். சுவரில் மாட்டும் பிளாஸ்டிக் டேங்க் பலவற்றில் பக்கவாட்டில் நுழையும் வகை, பீங்கான் டேங்க்கில் பெரும்பாலும் அடியிலிருந்து நுழையும் வகை. அரை இன்ச் என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார்.

மாட்டும்போது பெரிய ரப்பர் வாஷர் டேங்க்கின் உள்பக்கம், நட் வெளிப்பக்கம். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். பீங்கானில் அதற்கு மேல் பலம் காட்டினால் விரிசல் விடும். கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள்ளே வாஷர் இருந்தால் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை. வால்விலிருந்து வரும் சின்ன ட்யூபை ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு மேலே கிளிப்பில் மாட்டுங்கள். உள்ளே ஆழமாகச் செருகினால் டேங்க் தண்ணீரை அதுவே உறிஞ்சி வெளியேற்றும். மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு இன்ச் கீழே நிற்கும்படி மிதவையைச் சரிசெய்யுங்கள். ராத்திரி நட்டுக்கு அடியில் நியூஸ்பேப்பர் விரித்துவைத்தால், கசிவு இருந்தால் காலையில் தெரிந்துவிடும்.

சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் இதெல்லாம் பொருந்தாது. பட்டன் இருக்கும் பலகையைக் கழற்றி, அந்தச் சின்ன சந்துக்குள் கையை விட்டுத்தான் எல்லாம். அதற்குப் பழகிய ஆளையே கூப்பிடுங்கள்.