மெல்லிசைக் குழுவில் தும்பா வாசிப்பவர், ஃபங்க், லத்தீன் சோல் பாட்டுகளுக்கு காங்கா வாசிக்க எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

காங்கா என்பது கையால் அடிக்கும் உயரமான கியூப டிரம்; மெல்லிசைக் குழுக்களில் அதைத் தும்பா என்றே சொல்வார்கள். கேட்டவருக்கு தும்பாவ் பேட்டர்ன், அதாவது காங்காவில் திரும்பத் திரும்ப வாசிக்கும் அடிப்படைத் தாளக்கட்டு, தெரியும். லத்தீன் சோலில் (கியூபத் தாளமும் அமெரிக்க சோல் பாட்டும் கலந்த இசை) அது ஓரளவு ஒட்டுகிறது, ஃபங்க்கில் மட்டும் ஒன்று டிரம்ஸோடு மோதுகிறது, இல்லையென்றால் காணாமல் போகிறது என்று எழுதியிருக்கிறார். இது கைக்கோளாறு அல்ல, கணக்குக்கோளாறு. அந்த பேட்டர்னின் சத்தமான அடிகள் எந்த எண்ணிக்கையில் விழுகின்றன என்று பார்த்தாலே பாதி தீர்ந்துவிடும்.

நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தத்தை எட்டு இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரருக்கு தும்பாவ் இப்படி வரும்: 1 இடது உள்ளங்கை அடிப்பகுதி, 2 இடது விரல்நுனி, 3 வலது ஸ்லாப், 4 இடது விரல்நுனி, 5 இடது உள்ளங்கை அடிப்பகுதி, 6 இடது விரல்நுனி, 7, 8 இரண்டும் வலது ஓபன் டோன். (ஸ்லாப் என்பது சுண்டும் கூர்மையான அடி, ஓபன் டோன் என்பது துள்ளி எழும் நிறைந்த அடி; எப்படி அடிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.) உரக்கக் கேட்பவை 3, 7, 8 மட்டும்தான். மற்ற ஐந்தும் நேரத்தைப் பிடித்து வைக்கும் அடிகள்.

இப்போது பாருங்கள்: 3-ஆவது இடம் என்பது இரண்டாம் எண்ணிக்கை, 7-ஆவது இடம் நாலாம் எண்ணிக்கை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்டு புளூஸில் கைதட்டலும் ஸ்னேரும் (டிரம்ஸில் கூர்மையாகக் கேட்கும் சின்ன டிரம்) விழுவது சரியாக இந்த இரண்டு எண்ணிக்கைகளில்தான். 1960-களின் நடுவில் நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லெமில் புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் கியூபத் தாளத்தையும் சோல் பாட்டையும் கலந்து பூகலூ உருவாக்கியபோது காங்கா வாசிப்பவர் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்லாப் கைதட்டலோடு சேர்ந்து விழுந்தது, ஓபன் டோன் அடுத்த கைதட்டலுக்கு அடியில் உட்கார்ந்தது. ஜோ கியூபா செக்ஸ்டெட், ரே பரெட்டோ, மோங்கோ சாந்தாமரியா ஆகியோரின் அந்தக் காலப் பதிவுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். ஜோ கியூபாவின் குழுவில் முழு டிரம்ஸ் செட் கிடையாது, டிம்பாலி என்ற, குச்சியால் அடிக்கும் ஜோடி டிரம்தான். அதனால் பாட்டை நகர்த்தும் பாரத்தில் பெரும்பங்கு காங்காவுக்கு. லத்தீன் சோல் வாசிக்கும்போது தயங்காமல், நிறைந்த ஓபன் டோனோடு வாசியுங்கள். சா-சா-சா என்ற கியூப நடன இசையின் வேகத்தில், அவசரமில்லாமல்.

இரண்டு டிரம் வைத்திருந்தால் இன்னொன்றும் வேண்டும். (இங்கே தும்பா என்று நான் சொல்வது 12.5 அங்குல வாய் கொண்ட பெரிய டிரம்மை மட்டும். நடு டிரம் காங்கா 11.75, சின்னது கின்டோ 11 அங்குலம், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.) சோன் கிளாவேயில் (கியூப இசைக்கு அச்சாக இருக்கும், இரண்டு ஆவர்த்தம் நீளும் ஐந்தடித் தாளக்கட்டு) மூன்றடிப் பகுதி 1, 4, 7 இடங்களிலும் இரண்டடிப் பகுதி 3, 5 இடங்களிலும் வரும். மூன்றடிப் பகுதி ஓடும் ஆவர்த்தத்தில் மட்டும் 4-ஆவது இடத்தில் வலக்கையால் தும்பாவில் ஒரு ஓபன் டோன் போடுங்கள். அடுத்த ஆவர்த்தத்தில் போடாதீர்கள். இரண்டிலும் போட்டால் கிளாவேயின் சாய்வு அழிந்து, பாட்டு தட்டையாகிவிடும். பூகலூ கிளாவேயை அவ்வளவு கண்டிப்பாகப் பிடிப்பதில்லைதான். ஆனாலும் பியானோ வாசிப்பவர் பிடிக்கிறார் என்றால் நீங்களும் பிடித்தாக வேண்டும்.

ஃபங்க்கில் இதே பேட்டர்ன் ஏன் தோற்கிறது? அங்கே ஸ்னேர் ஏற்கெனவே இரண்டிலும் நாலிலும் பலமாக நிற்கிறது. உங்கள் ஸ்லாப் அதன் மேலேயே விழுந்தால் ஸ்னேர் அதை விழுங்கிவிடும். நூலளவு முன்பின் விழுந்தால் இரட்டை அடியாகக் கேட்டு, டிரம்மர் தடுமாறுகிறார் என்று கேட்பவர் நினைப்பார். முதல் எண்ணிக்கையும் உங்களுடையது அல்ல. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் குழுவிலிருந்து ஃபங்க்கின் அச்சே அந்த முதல் அடிதான். அது கிக்குக்கும் (டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிடாருக்கும் உரியது.

ஆகவே கணக்கை இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையையும் தகதிமி என்று நாலாகப் பிரித்தால் தும்பாவ் முழுவதும் இரண்டே எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். அப்போது ஸ்லாப் 'தி'யில் விழும், இரண்டு ஓபன் டோன்களும் அடுத்த எண்ணிக்கையின் 'திமி'யில் விழும். ஸ்னேர் நிற்கும் 'த' காலியாகிவிடுகிறது. இதிலிருந்து தொடங்க ஒரு பேட்டர்ன், வலது இடது வலது இடது என்று கை மாறி மாறி:

முதல் எண்ணிக்கை: நுனி, நுனி, ஸ்லாப், நுனி
இரண்டாவது: நுனி, நுனி, ஓபன், ஓபன்
மூன்றாவது: நுனி, நுனி, ஸ்லாப், நுனி
நாலாவது: நுனி, நுனி, தும்பாவில் ஒரு ஓபன், நுனி

நாலு 'த'விலும் உரத்த அடி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெட்ரோனோமை 60-இல் வைத்து, அந்த டிக்கை இரண்டாம், நாலாம் எண்ணிக்கையாகப் பாவித்து வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே வாசியுங்கள். அப்படி எண்ணினால் பாட்டின் வேகம் 120 ஆகிவிடும். கை கேட்காவிட்டால் 40-இல் தொடங்கி ஏற்றுங்கள். குழுவோடு வாசிக்கும்போது முதலில் டிரம்மரின் கிக்கை எட்டு ஆவர்த்தம் கேளுங்கள். கிக் விழும் 'தி' அல்லது 'மி' எதுவோ அங்கே உங்கள் ஓபன் டோனை எடுத்துவிட்டு நுனி அடியாக்குங்கள். ஹைஹாட் (டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) லேசாக ஊஞ்சலாடினால், அதாவது அடிகள் சம இடைவெளியில் இல்லாமல் நீளமும் குறுகலுமாக வந்தால், உங்கள் நுனிகளும் அதே அளவு ஆட வேண்டும். நேர்நடைக்காரரோடு ஊஞ்சல்நடை சேர்ந்தால் எவ்வளவு நல்ல கையும் அழுக்காகத்தான் கேட்கும்.

நுனி அடிகள் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? மைக் இல்லாமல் பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கேட்கக் கூடாது. எல்லா அடியும் ஒரே சத்தத்தில் வந்தால் நீங்கள் இரண்டாவது ஹைஹாட் ஆகிவிடுவீர்கள். ஃபங்க் காங்காவில் நான் மிகவும் மதிப்பது இந்த மேடுபள்ளத்தைத்தான்.

மெல்லிசைக் கச்சேரிப் பழக்கத்தில் ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும்: பாட்டு வரி முடிந்ததும் வரும் உருட்டல். ஃபங்க்கில் ஒரே பேட்டர்ன் நாலு நிமிடம் மாறாமல் ஓடுவதுதான் பலம். எட்டு ஆவர்த்தத்துக்கு ஒரு முறை, அதுவும் நாலாவது எண்ணிக்கைக்குள் முடியும் அளவுக்குப் போதும். அமெரிக்கப் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டோடு காங்கா வாசித்த மாஸ்டர் ஹென்றி கிப்சன் நிறைய அடிப்பவர்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் மேஃபீல்டின் குரலும் கிடாரும் மெல்லியவை; நடுவில் பெரிய இடம் இருந்தது. பிராஸ் ஊதுகருவிகள், இரண்டு கிடார், கிளாவினெட் கீபோர்டு எல்லாம் நிறைந்த பாட்டில் அதே அளவு வாசித்தால் கூட்ட இரைச்சல்தான் மிஞ்சும்.

அடிகளைப் பற்றி. ஓபன் டோனுக்கு நாலு விரலும் சேர்ந்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மேடு விளிம்பில் படும்படி விழுந்து, உடனே துள்ளி எழ வேண்டும். கட்டைவிரல் விலகியே இருக்கட்டும். விளிம்பில் இடித்தால் வாரக்கணக்கில் வலிக்கும். ஸ்லாப்புக்கு கை இன்னும் கொஞ்சம் உள்ளே, லேசாகக் குவிந்து, தளர்ந்த விரல்நுனிகள் மட்டும் தோலைச் சுண்ட வேண்டும். ஸ்லாப் வரவில்லை என்றால் பலம் போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் விரல் விறைப்பு. சோதனை எளிது: இரண்டையும் ஒரே மெல்லிய சத்தத்தில் மாற்றி மாற்றி வாசியுங்கள். அப்போதும் வேறுவேறாகக் கேட்டால் அடி சரி. பேஸ் அடி (தாழ்ந்த முழக்கம்) உள்ளங்கையால் தோலின் நடுவில். அந்த ஒலி அடிவாய் வழியாக வெளியேறுவதால் டிரம்மைத் தரையில் தட்டையாக வைத்தால் செத்துப்போகும். ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், அல்லது முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

சுருதிக்கு, காங்காவை ச என்று வைத்தால் தும்பா கீழ் ப. இந்த இடைவெளி பெரும்பாலான பாட்டுகளில் உறுத்தாது. தும்பாவை அதற்கும் கீழே இறக்கினால் பேஸ் கிடாரோடு குழம்பும். ஃபங்க்கில் இரண்டையுமே கொஞ்சம் ஏற்றி வைப்பது நல்லது. ஒலி சீக்கிரம் அடங்கி அடுத்த அடிக்கு இடம் விடும். ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு சமயத்தில் கால் சுற்று மட்டும் திருகி, வளையம் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் தோல் இழுபட்டு, சுருதி ஒருநாளும் சேராது.

மாட்டுத்தோல், எருமைத்தோல் போட்டவை ஈரக்காற்றில் தொய்யும், ஏசியில் ஏறும். முன்பு தோலை ஆணியடித்துப் பொருத்தியிருந்த காலத்தில் பறையைக் காய்ச்சுவது போலவே நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள். இப்போது போல்ட் இருப்பதால் கச்சேரி முடிந்ததும் தளர்த்தி வைத்துவிடுங்கள். ஏற்றியபடியே விட்டால் காய்ந்த இரவொன்றில் தோல் கிழியலாம், மரக்கூடும் விரியலாம். கடற்கரை ஊர்களில் திறந்தவெளி மேடை அதிகம் என்றால் செயற்கைத் தோலே நிம்மதி. ஓபன் டோனில் கொஞ்சம் உலோகச் சாயல் வரும். மைக் வழியாகக் கேட்பவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

மைக் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இரண்டு டிரம்முக்கும் நடுவில், விளிம்புக்கு நாலைந்து அங்குலம் மேலே வையுங்கள். கேட் (மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் அமைப்பு) போட வேண்டாமென்று சவுண்ட் இன்ஜினியரிடம் முன்பே சொல்லுங்கள். நுனி அடிகள் முழுவதையும் அது வெட்டிவிடும். மானிட்டரில் (மேடையில் வாசிப்பவருக்காக வைக்கும் ஸ்பீக்கர்) ஹைஹாட்டும் பேஸ் கிடாரும் கேளுங்கள். உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்காவிட்டால் கை தானாகவே பலத்தைக் கூட்டும், கைக்காயம் தொடங்குவது அங்கேதான். விரல் வெடிப்புக்கு டேப் சுற்றலாம். ஆனால் நீண்ட நேரம் பலமாக அடித்தபின் சிறுநீர் சிவந்தோ பழுப்பாகவோ போனால் அலட்சியம் வேண்டாம். கை அடியில் ரத்த அணுக்கள் சிதைவதால் இது நேர்வதுண்டு, காங்கா வாசிப்பவர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வாசித்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.