சங்கீதத்தை ஏன் மாறி மாறி வாசிக்கிறோம்?

ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களில் ஒரு வசனத்தை ஆயரும் அடுத்ததைச் சபையாரும் வாசிப்பது ஏன், ஒருவரே வாசித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது மிகப் பழைய வழக்கம். பழைய ஏற்பாட்டில், உபாகமம் 27-ஆம் அதிகாரத்தில் ஆராதனைப் பணி செய்யும் கோத்திரத்தாரான லேவியர் 12 சாபங்களைச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் எல்லாரும் ‘ஆமென்’ என்று சொல்ல வேண்டும். எஸ்றா 3:11-இல் எருசலேம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது மாறி மாறிப் பாடினார்கள்.

136-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடிகிறது. தனியாக வீட்டில் வாசித்தால், ஏன் இத்தனை முறை என்று தோன்றும். சபையாக வாசிக்கும்போதுதான் அது பதில்மொழி என்பது புரிகிறது. வேதாகமத்தை விரிக்காமலே, கண் மங்கிய பாட்டிமார்கூட அந்த வரியை எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறார்கள். எழுத்து தெரியாதவருக்கும் ஆராதனையில் குரல் உண்டு. எனக்கு இதுவே முதன்மையான காரணம்.

எல்லாச் சங்கீதங்களும் இப்படிப் பிரியாது. பொருள் இரண்டு வசனங்களுக்கு நீளும் இடத்தில் இயந்திரம்போலப் பிரித்தால் வாக்கியம் அறுந்துவிடும். வாசிப்பை நடத்துகிறவர் முந்தின இரவே ஒருமுறை சத்தமாக வாசித்து, எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. சபையார் கடைசிச் சொல்லை முடிக்குமுன் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு மூச்சு பொறுங்கள்.